கையில் ஒட்டிய கரி

பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடிகளை, மூடிய உலையில் சுட்டு வயலுக்குப் போடும் கரி தயாரித்த இடம் அது. உலைக்காரி முத்துராக்கு. அந்தக் கரி போட்ட வெயிலுமுத்துவின் மிளகாய் நாற்று முழுவதும் செத்தது. அவர் மிச்சக் கரி மூட்டையோடும் ஆட்களோடும் வந்து நின்றார்.

மேலாளர் தனசிங் முத்துராக்குவிடம், தப்பு அவளுடையது என்று எழுதிய ஒரு காகிதத்தை நீட்டினார். "கரி நல்லாத்தான் வெந்திருக்கு. நீதான் களைக்கொல்லியை அதுல கொட்டிட்டே. ரேகை வை. மிச்சத்தைப் போலீஸ் பாத்துக்கும்."

காகிதத்தை வாங்கிக்கொண்டாள். "வைக்கிறேன் ஐயா. நல்லா வெந்த கரி பச்சைத் தண்ணியிலேயே கையை விட்டுப் போயிரும். இவரு கொண்டாந்தது அதே மூட்டைதான், ஒரு துண்டை நசுக்கிக் கையைக் கழுவிக் காட்டுங்க."

தனசிங் சிரித்துக்கொண்டே நசுக்கினார். மூன்று செம்புத் தண்ணீர் ஊற்றியும் பிசுக்குப் போகவில்லை.

"பாதி வெந்ததுல இந்தத் தார் தங்கிரும். நாத்தைக் கொன்னது அதுதான். உலையைப் பொழுதடையத் திறக்கணும்னேன். மத்தியானமே திறன்னது யாரு?"

தனசிங் பாய்ந்து காகிதத்தைப் பறித்தார். அவருடைய பெருவிரல் அதில் கறுப்பாகப் பதிந்தது.

"ரேகை விழுந்துருச்சுய்யா," என்றாள்.

வெயிலுமுத்து அதை அவர் கையிலிருந்து உருவி மடித்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. அந்த வருடம் மறுபடி நட வெயிலுமுத்துவிடம் நாற்று இல்லை.