மூன்று கூடும் ஒரு வேப்பம்பழமும்

ஓடையின் மேல் சாய்ந்து நின்ற ஈச்சமரத்தில் சிங்காரன் என்ற தூக்கணாங்குருவி மூன்று மாதிரிக் கூடுகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

குருவிகள் ஊரில் மாப்பிள்ளையின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. மழை தொடங்கும்போது பெண்குருவிகள் கூட்டமாக வந்து கூட்டைத்தான் பார்ப்பார்கள். பிடித்தால் குடிவருவார்கள். இல்லாவிட்டால் அந்த வருஷம் தனிக்கட்டைதான். போன வருஷம் சிங்காரன் கட்டிய கூட்டை ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. பாவம், அந்த வருத்தம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் இந்த முறை புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தான். பெண்குருவிகள் வருவதற்கு முன்பே, தொழில் தெரிந்தவர்களை அழைத்துக் கூடுகளைக் காட்டினான். "குறை இருந்தா தயங்காம சொல்லணும்" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

முதலில் மரங்கொத்தி வந்தார். மரவேலையில் கெட்டிக்காரர், காட்டில் எல்லோரும் அவரைத் தச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தம்பி, மேல பிடிமானம் மெலிசா இருக்கே" என்றார் தச்சர்.

"அது வேணும்னே விட்டது, தச்சரே. தூரத்துல இருந்து பார்த்தா கூடு அந்தரத்துல மிதக்கிற மாதிரி தெரியணும்."

"ஓகோ. வாசல் கொஞ்சம் அகலம்..."

"அதுவும் வேணும்னேதான். காத்தோட்டம்!"

தச்சர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிங்காரன் அதற்குள் இரண்டாவது கூட்டின் சிறப்புகளை விளக்கத் தொடங்கிவிட்டான். தச்சர் தலையை ஆட்டினார். "ரொம்ப நல்லா இருக்கு, தம்பி" என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனார்.

அடுத்து வந்தவர் மண்வீடு கட்டும் குளவிக் கொத்தனார்.

"உள்ளே கொஞ்சம் களிமண் அப்பினா காத்துல ஆடாது" என்றார்.

"ஆடறதுதான் கொத்தனாரே நம்ம பாணி."

"சரிதான். ஆனா முட்டை வைக்கிற இடத்துல..."

"அதுக்கும் ஒரு காரணம் இருக்கு!"

"இருக்கும், இருக்கும். பிரமாதம்" என்ற கொத்தனார் வந்த வழியே போய்விட்டார்.

சிங்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய பெரிய ஆட்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களே! அந்த உற்சாகத்தில் நான்காவதாக ஒரு கூட்டையும் தொடங்கினான்.

தூக்கணாங்குருவிக்கு ஒரு சங்கடம் உண்டு. நமக்குக் கை வேறு, வாய் வேறு. அதற்குப் பின்னவும் பேசவும் இருப்பது ஒரே அலகு. சிங்காரன் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு முதல் முடிச்சைப் பாதி போட்டிருந்த நேரத்தில் தையல்சிட்டு ஊசிமணி வந்து சேர்ந்தாள். இலையை இலையோடு சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிறவள் அவள். அவளையும் அவன்தான் அழைத்திருந்தான். இப்போது அலகைத் திறந்தால் நார் நழுவும். பாதி போட்ட முடிச்சும் அவிழ்ந்து ஓடையோடு போகும்.

"நீ வேலையைப் பாரு. நான் கூட்டைப் பார்த்துக்கறேன்" என்றாள் ஊசிமணி.

முதல் கூட்டின் பிடிமானத்தை இழுத்துப் பார்த்தாள். "மெலிசு. நல்ல காத்துக்குத் தாங்காது."

'அது வேணும்னே விட்டது' என்று சொல்லப் பார்த்தான் சிங்காரன். நார் விடவில்லை.

ஊசிமணி உள்ளே புகுந்தாள். யாரும் குறுக்கே பேசாததால் அவசரமில்லாமல் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தாள். வெளியே வந்து, கரையில் கிடந்த ஒரு வேப்பம்பழத்தைக் கவ்விக்கொண்டு போய் முட்டை வைக்கும் இடத்தில் வைத்தாள். பிறகு கூட்டைப் பிடித்து இலேசாக ஆட்டினாள்.

பழம் உருண்டது. வாசல் வழியாகச் சறுக்கி வந்து 'பொளக்' என்று ஓடையில் விழுந்தது.

இரண்டாவது கூட்டில் இன்னொரு பழத்தை வைத்தாள். பொளக். மூன்றாவதிலும் பொளக்.

"முட்டை இருக்கிற இடத்துக்கும் வாசலுக்கும் நடுவுல ஒரு வரம்பு வேணும்ப்பா. மூணுலயும் இல்லை" என்றாள்.

சிங்காரன் முடிச்சை இறுக்கி முடித்தான். அலகு விடுதலையானதும் பழைய பதில் நுனிவரை வந்தது. முட்டை தண்ணீரில் விழுவதை வேண்டுமென்றே விட்டதாக எந்தக் குருவி சொல்லும்? அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா, இன்னும் என்னவெல்லாம் பார்த்தீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க" என்றான்.

அவள் சொன்னாள். அவன் கேட்டான்.

அன்று மாலையே களிமண்ணுக்காகக் கொத்தனாரைத் தேடிப் போனான். "உள்ளே வரம்பு இல்லைன்னு நீங்க ஏன் சொல்லலை?" என்று கேட்டான்.

"சொல்லத்தான் வந்தேன். நீ விட்டாத்தானே?" என்றார் கொத்தனார். மண்ணை மட்டும் தாராளமாகக் கொடுத்தார்.

மழைக்கு ஆறு நாள்தான் இருந்தது. நான்கையும் சரிசெய்ய நேரமில்லை. சிங்காரன் ஒரே ஒரு கூட்டை எடுத்துக்கொண்டான். பிடிமானத்தைத் தடிமனாக்கினான், வாசலைக் குறுக்கினான், உள்ளே வரம்பு கட்டி மண் அப்பினான். கூடு முன்போல மிதக்கவில்லை, கனமாகத்தான் தொங்கியது.

பெண்குருவிகள் வந்தார்கள். ஒருத்தி உள்ளே போனாள். நெடுநேரம் கழித்துத் தலையை நீட்டி, "இந்தப் பக்கம் சாரல் அடிக்கும் போலிருக்கே?" என்றாள்.

"ஆமா, எனக்குத் தோணவே இல்லை. எப்படி மாத்தலாம், சொல்லு" என்றான் சிங்காரன்.

அவள் சொன்னாள். இருவரும் சேர்ந்தே அந்தப் பக்கத்தைப் பின்னினார்கள். அவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பெருங்காற்று வீசியது. ஈச்சமரம் ஓடையைத் தொட்டுத் தொட்டு நிமிர்ந்தது. கூடு ஊஞ்சலாய் ஆடியது. உள்ளே மூன்று முட்டைகளும் வைத்த இடத்திலேயே இருந்தன.

குறை சொல்லக் கூப்பிட்டுவிட்டுப் பதிலோடு காத்திருந்தால், வந்தவர் பாராட்டிவிட்டுப் போய்விடுவார். குறை மட்டும் நம்மோடு தங்கிவிடும்.