வாயசைச்ச வகுப்பு

காலை ஆட்டாம படு சங்கவி. அத்தை ஒரு தடவைதான் சொல்லுவேன். ‘ம்’ கொட்டணும்.

ஒரு ஊர்ல ஒரு கணக்கு டீச்சர். பேரு செண்பகம். அவங்க வகுப்புல வாய்ப்பாடு சொன்னா ஜன்னல் கம்பி கிர்ருனு அதிரும். ரோட்டுல போறவங்கல்லாம் நின்னு கேப்பாங்க. டீச்சருக்குப் பெருமை தாங்காது.

“ம்.”

அப்போ ஒரு அதிகாரி சொல்லி அனுப்பினாரு. “அடுத்த வாரம் வரேன். ஒரு பிள்ளைக்கு வாய்ப்பாடு வரலைன்னாலும் மொத்த வகுப்பையும் ஒண்ணாப்புக்கு அனுப்பிடுவேன்.”

“என் பிள்ளைங்களையா? வரட்டும்”னு சிரிச்சாங்க டீச்சர்.

மறுநாள் மங்கைக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. அவதான் வகுப்புல முதல் ரேங்க். வெண்கலத் தொண்டை. “ஆரம்பிங்க”ன்னாங்க டீச்சர். வகுப்பே கப்சிப்.

“ஏன் அத்தை?”

ஏனா? இத்தனை நாளும் மங்கைதான் சொல்லியிருக்கா. மத்ததெல்லாம் வாயை அசைச்சுட்டு, அவ சொன்னதும் கடைசி வார்த்தையை மட்டும் சேர்ந்து கத்தியிருக்குதுங்க. நீ பிரேயர்ல பண்றியே, அதேதான். முழிக்காத.

டீச்சருக்கு வந்துச்சு பாரு கோவம்! முதல்ல திட்டிப் பாத்தாங்க. பிள்ளைங்க அழுதுச்சுங்க, கணக்கு வரல. அப்புறம் ஏழாம் வாய்ப்பாட்டை நூறு தடவை எழுதச் சொன்னாங்க. பூரணின்னு ஒருத்தி, பக்கம் முழுக்க மேல இருந்து கீழ வரைக்கும் முதல்ல வெறும் ஏழா எழுதிட்டு, அப்புறம் பக்கத்துல பெருக்கல் குறியா போட்டுட்டு வந்தா. டீச்சர் தலையில அடிச்சுக்கிட்டாங்க.

“ம்... அப்புறம்?”

மூணாவதா, அந்தப் பூரணியைக் கிட்ட கூப்பிட்டாங்க. “ஏண்டி, எதுவரைக்கும்தான் உனக்குத் தெரியும்?”

“மூவேழு இருபத்தொண்ணு வரைக்கும் டீச்சர்.”

“அதுக்கு மேல?”

“அதுக்குள்ள மங்கை சொல்லிடுவா.”

“மங்கை இல்லைன்னா?”

பூரணி விரலை மடக்கினா. ஒண்ணு... ரெண்டு... டீச்சருக்கு விடை நாக்கு நுனியில துடிக்குது. முந்தானையைக் கடிச்சுக்கிட்டாங்க.

“இன்னொரு ஏழு சேத்தா... இருபத்தெட்டா?”

“ஆமாண்டி தாயே!”

அப்புறம் ஒவ்வொண்ணா கூப்பிட்டு, அது எங்க நின்னுச்சோ அங்கருந்தே ஆரம்பிச்சாங்க. வாரம் முடியறதுக்குள்ள முந்தானை கந்தல்.

“ம்ம்...”

அதிகாரி வந்தாரு. நேரா பூரணியைப் பாத்து, “எட்டேழு?”ன்னாரு.

பூரணி நிக்கிறா. விரல் மடங்குது, நிமிருது. அதிகாரி மேசையில டக் டக்னு தட்டுறாரு. மங்கைக்கு வாய் நமநமங்குது. டீச்சர் முறைச்சாங்க.

“இவளுக்குத் தெரியலைன்னு எழுதிடறேன்”னு பேனாவை எடுத்தாரு.

“ஐயா, நீங்களும் கொஞ்சம் வாயை மூடுங்க!”ன்னாங்க டீச்சர்.

அதிகாரி பேனாவைக் கீழ வெச்சாரு.

“ஐம்பத்தாறு.”

“சரிதான். இதுக்கு இவ்வளவு நேரமா?”

“தெரியுமான்னுதானே கேக்க வந்தீங்க? ரயிலா பிடிக்க வந்தீங்க?”

அதிகாரி பெருமூச்சு விட்டாரு. “அடுத்த பிள்ளை எந்திரி.” அடுத்தது, அதுக்கடுத்தது. ஒண்ணு கூரையைப் பாக்குது, ஒண்ணு காலை மாத்தி மாத்தி நிக்குது. டீ ஆறிப்போச்சு. பெல் அடிச்சுப் போச்சு. ஆனா எல்லாப் பிள்ளையும் சொல்லிடுச்சு. ஒண்ணு பாக்கியில்லை. “யாரும் ஒண்ணாப்புக்குப் போக வேண்டாம்”னு கையெழுத்துப் போட்ட அதிகாரி, அப்படியே நாற்காலியில சாஞ்சு... கொர்ர்ர்...

அதிகாரியே அசந்துட்டாரு. உனக்கு இன்னும் என்னடி? கதை அவ்வளவுதான், கண்ணை மூடு.