முருங்கைக்காய் ரெக்கையும் தரகர் கூழைக்கடாவும்

மூணு கதையெல்லாம் கட்டாது கண்ணு. ஒண்ணுதான். அட, மூஞ்சியத் தூக்காத! சரி, ஒரு கதை, கதை முடிஞ்சதும் முதுகுல ஒரு தட்டு. பேரம் முடிஞ்சுது, படு. நான் நிறுத்தற இடத்துல "ம்" கொட்டணும். கொட்டலைன்னா எந்திரிச்சுப் போயிருவேன். என் கோவம் உனக்குத் தெரியும்ல?

– ம்.

ஒரு ஏரிக்கரையில, கருவேல மரத்தடியில ஒரு ஈமு இருந்துச்சாம். பேரு மாரப்பன். உங்கப்பா ஒசரம் இருப்பான். கழுத்து ஒரு முழம், காலு ரெண்டு முழம், ரெக்கை மட்டும் முருங்கைக்காய்த் துண்டு கணக்கா இத்துனூண்டு. அவன் பொண்டாட்டி ஏழு முட்டையப் போட்டுட்டு, "இனி உன் பாடு"ன்னு கிளம்பிப் போயிருச்சு. சண்டையெல்லாம் இல்ல, ஈமு இனத்துல அதுதான் வழக்கம். அப்பன்காரன்தான் அடைகாக்கணும். மாரப்பன் சோறு தண்ணியில்லாம ஏழு வாரமா உக்காந்திருக்கான். இன்னும் ஒரே ஒரு நாள்ல குஞ்சு பொரிஞ்சுரும்.

– ம்.

அப்போ, தொபுக்குன்னு வந்து இறங்குனாரு தரகர் கூழைக்கடா. அலகுக்கடியில பை தொங்குமே, அந்தப் பறவைதான். அந்த ஏரியில யாரு கூடு கட்டணும்னாலும் அவருகிட்டத்தான் இடம் பேசணும். மீன் குடுத்தாத்தான் இடம்.

"எவன்டா அது? இது பறவைங்க இடம்"னாரு.

"நானும் பறவைதான்"னான் மாரப்பன்.

"நீயா? நான் ஏதோ ஒட்டகம் சளி புடிச்சு உக்காந்திருக்குன்னு நெனைச்சேன்! பறவைன்னா காட்டு. இல்லன்னா முட்டையெல்லாம் ஏரிக்குள்ள உருட்டி விட்ருவேன்."

மாரப்பன் மெதுவா எந்திரிச்சான். அப்புறம், பக்கத்துல மேஞ்சுக்கிட்டிருந்த, நெத்தியில வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவை, நாமக்கோழி சின்னாத்தாகிட்ட, "ஆத்தா, செத்த நேரம் என் முட்டைமேல உக்காரு"ன்னான். அது ஒரு கைப்பிடி உசுரு. ஏழு முட்டைமேலயும் காலையும் ரெக்கையும் விரிச்சுப் படுத்துக்கிச்சு. அப்பவும் ரெண்டு முட்டை வெளிய தெரிஞ்சுது.

– ம்.

தரகர் முதல்ல, "கரைமேல இருந்து குதி, பற"ன்னாரு. மாரப்பன் தடதடதடன்னு ஓடியாந்து ஒரு குதி குதிச்சான். ரெக்கைய படபடன்னு அடிச்சான். தொப்! சேத்துல இடுப்பு வரைக்கும் இறங்கிட்டான்.

"உன் நெஞ்சைப் பாருடா! பலகை மாதிரி தட்டையா கெடக்கு. பறக்கறவனுக்கு நெஞ்செலும்பு படகோட அடிக்கட்டை மாதிரி முன்னால புடைச்சு நிக்கும். அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் சதை ரெக்கைய இழுக்கும்"னாரு தரகர்.

மாரப்பன் சேத்துல இருந்தே கத்துனான். "சின்னாத்தா, முட்டை எப்படி இருக்கு?"

"அஞ்சு சூடா இருக்கு, ரெண்டு ஆறுது! சட்டுனு வாண்ணே!"

– ம்.

அப்புறம், "ஒரு இறகைப் புடுங்கி வீசு, காத்தைக் கிழிக்கணும்"னாரு. ஒரு கொக்கு தன் இறகை வீசுச்சு. சர்ர்ருன்னு போச்சு. பறக்கறவங்க இறகுல இழையெல்லாம் ஒண்ணையொண்ணு கொக்கி போட்டு இறுக்கிப் புடிச்சுக்கும், பாய் பின்னுன மாதிரி. மாரப்பன் வீசுனது எப்படின்னு கேளு. தேங்கா நாரு கணக்கா பரபரன்னு சுத்தி, தரகர் மூக்குலயே போய் ஒட்டிக்கிச்சு. ஹச்! ஹச்! ஹச்! தும்முன தும்முல அவரு பையிலிருந்து மூணு கெண்டை மீன் வெளிய விழுந்துச்சு.

"சின்னாத்தா, முட்டை?"

"நாலு சூடு, மூணு ஆறுது! எனக்குக் காலு மரத்துப் போச்சு!"

– ம்.

மூணாவது. "என் பக்கத்துல இந்தக் கிளையில வந்து உக்காரு"ன்னாரு. பறக்கறவங்க எலும்புல முக்காவாசி உள்ள வெறும் பொக்கு, உடம்பு பஞ்சு. நம்மாளு அரிசி மூட்டை. ஏறி ஒரு காலைத்தான் வச்சான். படார்! கிளை, ஈமு, தரகர் எல்லாம் ஒரே குவியலா கீழ. குவியலுக்குள்ள இருந்து தரகர், "தோத்துட்டடா! தோத்துட்ட!"ங்கறாரு. அவரு தலைமேல மாரப்பன் உக்காந்திருக்கான்.

"தரகரே, நான் புல்லும் பூச்சியும் திங்கறவன், மீன் புடிக்கத் தெரியாது. இன்னும் ஒரே நாளு பொறுத்துக்கங்க"ன்னு கெஞ்சுனான்.

தரகர் மெதுவா எந்திரிச்சு, பையத் தட்டி விட்டுக்கிட்டு, "சரி போ, பாவம்னு விடறேன். விலை பேசிக்கலாம், ரெக்கையப் போடு"ன்னாரு.

அந்த ஏரியில ஒரு வழக்கம் உண்டு. மாட்டுச் சந்தையில துண்டால கையை மூடிக்கிட்டு விரலைத் தொட்டு விலை பேசுவாங்கல்ல, அதே மாதிரி. இடம் கேக்கறவன் தன் ரெக்கைய விரிச்சுத் தரகர் ரெக்கைமேல போத்திக்கணும். உள்ளுக்குள்ள தரகர் ரெக்கை நுனியால ஒரு குத்து குத்துனா தெனம் ஒரு மீன். வெளிய யாருக்கும் தெரியாது. வாயத் திறக்கவும் கூடாது. தரகர் மட்டும் கடைசியில காதுக்குள்ள, "உனக்கு மட்டும்தான் இந்த விலை. வெளிய சொல்லிராத"ம்பாரு.

– ம்.

மாரப்பன் ரெக்கையப் போட்டான். என்னத்தப் போட்டான்? முருங்கைக்காய்த் துண்டை! அது எதை மூடும்? தரகரு பழக்க தோஷத்துல கண்ணை மூடிக்கிட்டாரு. குத்த ஆரம்பிச்சாரு. டொக். டொக். டொக்.

மாரப்பனுக்கு அக்குள் கூசுது. "ஹி ஹி ஹி! ஐயோ தரகரே! ஹி ஹி!"ன்னு நெளியறான். சுத்தி நின்ன பறவையெல்லாம் கழுத்தை நீட்டிப் பாக்குது. எல்லாரும் சேந்து எண்ணுறாங்க. "நாலு... அஞ்சு... ஆறு..."

பன்னெண்டுல நின்னுச்சு. தரகர் கண்ணை மூடினபடியே, "உனக்கு மட்டும்தான் இந்த விலை, வெளிய சொல்லிராத"ன்னாரு.

கொக்கு கேட்டுச்சு: "யோவ், இதே வார்த்தையச் சொல்லித்தான என்கிட்ட எட்டு குத்துன?"

"எட்டா? என்கிட்ட ஒம்போது!"ன்னு கத்துச்சு நீர்க்காகம்.

முட்டைமேல படுத்திருந்த சின்னாத்தா எந்திரிச்சு வந்து, "அடப் பாவி! என்னைப் பாத்தா எப்படித் தெரியுது? பதினஞ்சு மீனு வாங்குறயே! ஏரி என்ன உங்கப்பன் வெட்டுனதா?"ன்னு கத்துச்சு.

தரகர் கண்ணைத் திறந்தாரு. ஏரிப் பறவை மொத்தமும் சுத்தி நிக்குது.

"ஹி ஹி... நான் சும்மா தூசி தட்டுனேன்"னாரு.

அப்போ மாரப்பன் காலை ஒரு தூக்குத் தூக்குனான். ரெக்கைதான் இத்துனூண்டு, காலு உலக்கை! உதைக்கக்கூட இல்ல. தரகர் பையெல்லாம் காத்துல தளக் தளக்குன்னு ஆட, பறந்தாரு பாரு, அடுத்த ஏரி வரைக்கும் திரும்பியே பாக்கல.

மாரப்பன் ஓடிப் போய் முட்டைமேல உக்காந்தான். எல்லாமே சில்லுன்னு இருந்துச்சு.

– ம்?

அழுவாதடி, கேளு. அப்புறம் கொக்கும் நீர்க்காகமும் சின்னாத்தாவும் சுத்திலும் ஒட்டி உக்காந்து ரெக்கையப் போத்துனாங்க. மறுநாள் காலையில, டிக்... டிக்... டொக்! ஏழு குஞ்சு! உடம்பெல்லாம் அணில் மாதிரி கோடு. மூத்தது தன் ரெக்கையப் பாத்துச்சு, கொக்கோட ரெக்கையப் பாத்துச்சு.

"அப்பா, இதை வச்சுப் பறக்க முடியாதே. பின்ன எதுக்கு இது?"

மாரப்பன் சொன்னான்: "பேரம் பேசறதுக்குடா."

ம் கொட்டு. ...கொட்ட மாட்டியா? சரி, இந்தா, பேசுன மாதிரியே ஒரு தட்டு. கதை கூட்டுல அடைஞ்சுருச்சு, நீயும் அடைஞ்சுக்க கண்ணு.