சூட்டுக்கு மட்டும் திறக்கும் கதவு

அந்தக் காலத்தில் இரும்புக்கும் தண்ணீருக்கும் வாய் இருந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு உருளைக்கிழங்கு ஏற்றிப் போகும் பெள்ளனின் லாரிக்குள் எந்நேரமும் பேச்சுச் சத்தம்தான்.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு பித்தளைக் கதவு இருந்தது. எஞ்சினைச் சுற்றிச் சூடான தண்ணீர் அதன் வழியாகத்தான் ரேடியேட்டருக்குப் போய் ஆறித் திரும்ப வேண்டும். எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது கதவின் பொறுப்பு. அதற்கோ இளகிய மனம்.

பனிக்காலையில் தண்ணீர் வந்து தட்டும். "அண்ணே, ஒரே ஒரு சுற்று. காத்து வாங்கிட்டு வந்துடறேன்."

கதவு திறந்துவிடும். தண்ணீர் குளிர்ந்து திரும்பும். எஞ்சின் சூடேறாமல் இருமும், டீசலை மடமடவென்று குடிக்கும்.

"நீ கதவா, கல்யாண மண்டபமா?" என்று திட்டியபடி பெள்ளன் குளிர்காற்று படாதிருக்க ரேடியேட்டருக்கு முன்னால் சாக்கைக் கட்டுவான்.

கதவுக்கு வெட்கமாகிவிட்டது. ஒருநாள் இறுக மூடிக்கொண்டது. அன்று அரிசி மூட்டைகளோடு மலையேறும்போது தண்ணீர் கதறியது. "திற அண்ணே, கொதிக்கிறேன்."

"நீ தினமும் ஏதாவது சொல்லிக்கிட்டுதானே இருக்கே" என்றது கதவு.

எட்டாவது வளைவில் நீராவி சீறிக்கொண்டு வந்தது. எஞ்சினின் தலையில் மயிரிழை போல ஒரு விரிசல். பெள்ளன் அதைத் தடவிப் பார்த்தான். "இன்னொரு தடவை கொதிச்சா, இது பழைய இரும்புக் கடைக்குத்தான்."

கதவு ஒடுங்கிப் போனது. இரக்கப்பட்டதும் தவறு, கண்டிப்பாக இருந்ததும் தவறு. அப்படியானால், சொல்லைக் கேட்டு முடிவெடுத்ததுதான் தவறா?

கருவிப் பெட்டி மூலையில் ஒரு மெழுகுக் கட்டி கிடந்தது. கதவு அதனிடம் கேட்டது: "தம்பி, தண்ணீர் கெஞ்சினா நீ என்ன செய்வே?"

"கெஞ்சினா எனக்கென்ன? சுட்டா உருகுவேன். உருகினா பெருப்பேன். ஆறினா சுருங்குவேன். வேற எதுவும் தெரியாது."

கதவு, "அப்போ இனிமே என்னை நீயே தள்ளு" என்றது.

"வழிஞ்சு ஓட முடியாம என்னை அடைச்சாத்தான் தள்ள முடியும். அப்புறம் நான் வெளிச்சத்தையே பார்க்க மாட்டேன்" என்றது மெழுகு. "பரவாயில்லை. நான் கொஞ்சம் மந்தம். செப்புத் தூள் கலக்கச் சொல்லு, சூடு சீக்கிரம் எட்டும்."

கதவு சொன்னதைக் கேட்டுப் பெள்ளன் அப்படியே கலந்து, சின்னச் செப்புக் குப்பியில் மெழுகை அடைத்து, நடுவில் ஒரு கம்பியைச் செருகிக் கதவோடு கோத்தான். மெழுகு சுருங்கும்போது கதவை இழுத்து மூட ஒரு ஸ்பிரிங்கையும் வைத்தான்.

மறுநாள் காலை தண்ணீர் கெஞ்சியது. கதவு அசையவில்லை. தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. எஞ்சினின் இருமல் நின்றது.

மாலையில் மூட்டைகளோடு மலையேறினார்கள். சூடு ஏறிக்கொண்டே போனது. எட்டாவது வளைவு தெரிந்ததும் பெள்ளன் கியரைக் குறைத்தான். கதவுக்குத் திறக்க ஆசை, முடியவில்லை. அப்போது இருட்டுக்குள்ளிருந்து ஒரு தள்ளல் வந்தது. முதலில் ஒரு நெல்லின் கனம், பிறகு ஒரு விரலின் கனம். யாரும் கூப்பிடவில்லை. கதவு தானாக விலக, தண்ணீர் ரேடியேட்டருக்குள் பாய்ந்தது. நீராவி வரவில்லை.

"யாரண்ணே திறந்தது?" என்று தண்ணீர் மெல்லக் கேட்டது.

கதவுக்குப் பேச்சு எழவில்லை. பிறகு எப்போதுமே எழவில்லை.

அன்று முதல்தான், வண்டியைக் கிளப்பியதும் ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டால் ஜில்லென்று இருக்கிறது. எஞ்சின் சூடேறிய பிறகு, யாரும் சொல்லாமலே, கைவைக்க முடியாதபடி சுடுகிறது.