சொக்கம்மாளின் அட்டைக் கை

கும்பிட்ட கையோடு கேட்க வேண்டிய கதை இது. சிரிப்பு வந்தால் மட்டும் கையை எடுத்து வாயைப் பொத்திக்கொள்ளலாம். பிள்ளையார் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோணங்குளத்தில் சொக்கம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். மகள் தெய்வானைக்குத் தலைப்பிரசவம். டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்து, தன் தங்கச்சியைத் துணைக்கு வைத்துவிட்டு, இவள் ஊரிலேயே இருந்தாள். காரணம் ஒரு நேர்த்திக்கடன். "பிள்ளை நல்லபடியாப் பொறக்கிற வரைக்கும் உன் கோயில் சாயங்கால மணியை என் வலது கையால அடிக்கிறேன், ஒரு நாள் தவற மாட்டேன்" என்று பிள்ளையாரிடம் சொல்லியிருந்தாள்.

மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்த அன்றைக்குக் காலையில்தான், கோயில் படியில் எண்ணெய் வழுக்கி, அந்த வலது கையையே ஒடித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. கட்டுக்கு வெளியே விரல் நுனிதான் தெரிந்தது. அதுவும் அசையவில்லை.

"யார் வேணும்னாலும் அடிக்கட்டுமே" என்றார் புருஷன் தம்பிதுரை.

"யார் கையையோவா நேர்ந்துக்கிட்டேன்? என் கையைல்ல நேர்ந்துக்கிட்டேன்" என்று சொக்கம்மாள் அழுதாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மரகதவல்லி வடை கொண்டுவந்தாள். வடை சுற்றி வந்த தாளைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிறுபிள்ளைகள் பத்திரிகையிலிருந்து கிழித்த தாள். வீட்டிலிருக்கும் பொருள்களை வைத்தே இயந்திரக் கை செய்யலாம் என்று அதில் போட்டிருந்தது. உங்கள் கையை அட்டையில் வைத்து வரையுங்கள் என்பது முதல் வரி.

"மதினி, உங்க கையை வச்சு வரைஞ்சா அது உங்க கைதானே?" என்றாள்.

சொக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பெட்டிக்கடை அரியமுத்துவையும் பூசாரியையும் கூட்டி வந்தார்கள். மிக்ஸிப் பெட்டியைக் கிழித்து அட்டை எடுத்தார்கள். நேர்ந்துகொண்டது வலது கை என்பதால் மாவுக்கட்டோடு அதை வைத்து அரியமுத்து சுற்றிக் கோடு போட்டான். பூசணிக்காய்க்கு ஐந்து காம்பு முளைத்த மாதிரி வந்தது.

சரி, இடது கையை வரைவோம் என்று வரைந்தார்கள். நன்றாக வந்தது. ஆனால் சாமி காரியத்துக்கு இடது கையா? எல்லோரும் கவலையோடு உட்கார்ந்திருக்க, தம்பிதுரை அட்டையை வெட்டி எடுத்துத் திருப்பிப் போட்டார். அது வலது கையாகிவிட்டது. சொக்கம்மாள் தன் புருஷனை இவ்வளவு பெருமையாகப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அரியமுத்து மட்டும் தலையை ஆட்டினான். "அண்ணாச்சி, நமக்கு இது வலதுதான். உள்ளே உட்கார்ந்திருக்கிற சாமி அந்தப் பக்கமிருந்துல்ல பார்ப்பாரு? அவருக்கு இடதாத் தெரியுமே."

இதைச் சோதிக்க எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். பூசாரி கருவறைக்குள் போய், பிள்ளையாருக்குப் பக்கத்தில் அவர் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து பார்த்தார். எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு, "இங்கேருந்து பார்த்தா நீங்க நாலு பேரும் ரொம்பப் பாவமாத் தெரியுறீங்க" என்றார். கடைசியில் கையின் இரண்டு பக்கமும் குங்குமத்தால் 'வலது' என்று எழுதிவிட்டார்கள். சாமிக்குச் சந்தேகம் வரக்கூடாது.

அடுத்தது ஸ்ட்ரா. குடித்துவிட்டு எறியும் ஸ்ட்ராவே போதும் என்று தாளில் இருந்தது. அரியமுத்து கடையில் இருந்ததெல்லாம் புதுசு. அதனால் தம்பிதுரை ஒவ்வொன்றாக வாயில் வைத்து, வீட்டிலிருந்த ரசம் முழுவதையும் உறிஞ்சித் தீர்த்தார். பிறகுதான் பூசாரி எச்சில் ஸ்ட்ரா கோயிலுக்குள் ஆகாது என்றார்.

"குடிச்ச ஸ்ட்ராவா இருக்கணும். எச்சிலாவும் இருக்கக்கூடாது. என்ன செய்ய?" என்றாள் மரகதவல்லி.

சொக்கம்மாள்தான் வழி சொன்னாள். இளநீரைச் சீவி, கட்டுக்கட்டாகப் புது ஸ்ட்ராவைப் போட்டு, பிள்ளையார் முன்னால் வைத்துத் திரையை இழுத்தார்கள். அவர் குடித்து முடித்திருப்பார் என்று தோன்றியதும் எடுத்தார்கள். இப்போது அது எச்சில் இல்லை, பிரசாதம்.

விரல் மடங்கும் இடங்களில் அட்டையை மடித்து, ஸ்ட்ராவைத் துண்டுதுண்டாக வெட்டி, மைதாப் பசையால் ஒட்டினார்கள். காயும்வரை கை படாமல் பார்த்துக்கொள்ளவும் என்று போட்டிருந்தது. ஐந்து பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள். நடுவில் சொக்கம்மாள் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மகள் முகம் கண்ணில் வந்து நின்றது. பிள்ளையாரப்பா, பசையைச் சீக்கிரம் காய வை என்று வேண்டிக்கொண்டு, பார்க்காமல் விட்ட நேரத்துக்கும் சேர்த்து உற்றுப் பார்த்தாள்.

காய்ந்தது. விரலுக்கு ஒன்றாக ஐந்து நூலை ஸ்ட்ராவுக்குள் கோத்து நுனியில் கட்டினார்கள். நூலை இழுத்தால் விரல் மடங்கியது. விட்டால் நிமிர்ந்தது. கையை மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் ஒரு கம்பில் கட்டி நிறுத்தினார்கள்.

ஐந்து நூலுக்கு ஐந்து பேர் வேண்டும். தம்பிதுரை, மரகதவல்லி, அரியமுத்து ஆளுக்கொன்று பிடித்தார்கள். பூசாரிக்குத் தீபம் காட்டும் வேலை இருந்ததால் சுண்டுவிரல் நூலை அவர் இடுப்பில் கட்டினார்கள். பெருவிரல் நூல் சொக்கம்மாளுக்கு. வலது கை மாவுக்கட்டில் இருந்தது, இடது கையால் இழுப்பது முறையில்லை. பல்லால் கடித்துக்கொண்டாள்.

மணியை அடிக்க நல்ல கைகள் ஒன்பது அந்த இடத்தில் இருந்தன என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவர்கள் கோணங்குளத்துக்காரர்களே இல்லை.

பூசாரி தீபத்தைத் தூக்கினார். எல்லோரும் இழுத்தார்கள். அட்டை விரல்கள் கயிற்றைச் சுற்றி மடங்கின. ஐந்து பேரும் ஒரே மூச்சில் பின்னால் நடந்தார்கள். கம்பு சாய்ந்தது, கயிறு இழுபட்டது, மணி டாண் என்று அடித்தது.

அந்த நேரம் பார்த்துத் தம்பிதுரையின் சட்டைப்பையில் போன் அடித்தது. கொழுந்தியாள்தான். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். கையில் நூல் பிடித்திருந்த மூன்று பேரும் அதை விட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். பூசாரியின் இடுப்பில் நூல் அப்படியே இருந்ததால், அவர் திரும்பித் திரும்பித் தீபம் காட்ட, அட்டைக் கையின் சுண்டுவிரல் மட்டும் மடங்கி மடங்கி நிமிர்ந்தது. சாமியே டூ விட்டுப் பழம் விடுகிறார் என்று மரகதவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சொக்கம்மாள் நூலைக் கடித்தபடியே அழுதாள்.

கொஞ்ச நாளில் கட்டுப் பிரித்தார்கள். விரல்கள் விறைத்துப் போயிருந்தன. அடிக்கடி மடக்கி நீட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வீட்டு வாசலில் தம்பிதுரை, மரகதவல்லி, அரியமுத்து மூன்று பேரும் ஸ்ட்ராவும் நூலும் பசையுமாகக் காத்திருந்தார்கள். சொக்கம்மாள் கையை நீட்டினாள். விரல் விரலாக ஒட்டி, கோத்து, மெதுவாக இழுத்தார்கள். ஐந்து விரலும் அழகாக மடங்கின.

அரியமுத்து அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அட்டைக் கையைவிட இது நல்லா வேலை செய்யுது மதினி. மடிப்பெல்லாம் எவ்வளவு கச்சிதம். அட்டையே வெளியே தெரியலையே. யாரு செஞ்சது?"

"எங்கம்மா" என்றாள் சொக்கம்மாள். "வீட்டுல இருந்ததை வச்சுத்தான்."

மரகதவல்லி வாயில் விரலை வைத்தாள். "அப்போ அந்தக் காலத்துலயே இந்தத் தாள்லதான் வடை கட்டிக் கொடுத்திருக்காங்க."