இலை காயுது

விருதுநகர் பஜாரை ஒட்டிய ஒரு கடையில் காளீஸ்வரன் எண்ணெயில் பொரிக்கிற பரோட்டாவுக்கு மாஸ்டர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அந்த மாஸ்டருக்கும் ஒரு குரு உண்டு என்பது சிலருக்குத்தான் தெரியும்.

குருவின் பெயர் ஜெசிந்தா. பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர். குருவுக்கு வயது இருபத்தெட்டு, சீடருக்கு நாற்பத்தாறு. குரு சீடரை "மாஸ்டர்" என்பார். சீடர் குருவை "டீச்சர்" என்பார். யார் யாருக்கு வாத்தியார் என்று வெளியாள் கேட்டால் குழம்பித்தான் போவார்.

மாஸ்டரின் மகள் சஷ்டிகாவுக்கு ஆறு வயது. நாலு வயதில் ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னார். முதலில் வேறொரு இடத்தில் பயிற்சி. அங்கே ஒன்றும் நடக்காமல், நாலு மாதமாக ஜெசிந்தா டீச்சரிடம் செவ்வாயும் வெள்ளியும். ஒரு வகுப்புக்கு ஐநூறு ரூபாய். இதற்காக மாஸ்டரின் பைக் போனது, மனைவி முத்துமாரியின் சங்கிலி பேங்கில் உட்கார்ந்தது, மாஸ்டர் காலையில் இன்னொரு கடைக்குப் பூரி போடப் போனார். அதையெல்லாம் அவர் யாரிடமும் சொல்லிப் புலம்பியதில்லை.

வகுப்பு முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்பார்.

"இவ எப்ப டீச்சர் பேசுவா?"

டீச்சர் பதில் சொன்னதே இல்லை. ஒரு தடவை மட்டும், "செருப்ப மாத்திப் போட்டிருக்கீங்க மாஸ்டர்" என்றார். அது உண்மைதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாஸ்டர் செருப்பு மாட்டவில்லை. உள்ளேயே நின்றார். சென்னையில் ஒரு மையம் இருக்கிறதாம். பிள்ளையை ஆறு மாதம் அங்கேயே விட்டுவிட வேண்டும், மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்கலாம், ஆறாவது மாதம் பேச வைத்துக் கொடுப்பார்களாம். நாலு லட்சம். சாத்தூர் ரோட்டில் இருக்கிற மூன்று சென்ட் நிலத்தைக் கொடுத்தால் சரியாக வரும். திங்கட்கிழமை அட்வான்ஸ் வாங்க வேண்டும்.

"நிலம் போனா போகட்டும். பிள்ளைய விட்டுட்டு இருக்கணுமேன்னுதான் அவ அம்மா அழுவுறா. விடலாமா, வேண்டாமா? நீங்க சொன்னா சரி."

டீச்சர் அந்த மையத்துக்குப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

போன மாதமே மூன்று பேரும் போயிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் பிள்ளையைத் தனியாக உள்ளே கூட்டிப்போனார்கள். அவள் தரையில் படுத்துக்கொண்டு, "பார்சல், பார்சல்" என்று கத்தினாள். பரோட்டாக் கடைக்காரர் பிள்ளை அல்லவா, பரோட்டா கேட்கிறாள் என்று அவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தார்கள். தூக்கி எறிந்தாள். பிடிவாதம் அதிகம் என்று தாளில் எழுதிவிட்டார்கள்.

"பேசினாள்ல?" என்றார் டீச்சர்.

"அது பேச்சா டீச்சர்? கடையில கத்துறது. அதத் திருப்பிக் கத்துவா."

"இங்க வந்து ஒண்ணுமே சொன்னதில்லையே."

மாஸ்டருக்கு முகம் சுருங்கியது. மெதுவாக விஷயத்தைச் சொன்னார். வீடு கடைக்கு மேலேதான். முதலாளி போடுகிற சத்தம் முழுக்க மாடிக்கு வரும். அதையே பிள்ளை பிடித்துக்கொண்டாள். கோயிலில் தீர்த்தம் வாங்கும்போது, "டேபிள் துடை!" என்று கத்தினாள். வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது, மாஸ்டருக்கு மானம் போயிற்று. இது கிளிப்பேச்சு, இதை நிறுத்தினால்தான் நல்ல பேச்சு வரும் என்று முதல் இடத்தில் சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் வாயைத் திறந்தாலே மாஸ்டர் உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்பார். டீச்சர் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம், கடைப்பேச்சு பேசக் கூடாது என்று சொல்லிச் சொல்லித்தான் கூட்டிவருவார்.

நாலு மாதமாக அந்தப் பிள்ளை சொல் தட்டாமல் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அவருக்குக் கோபம் வந்தது என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. யார்மேல் என்பதுதான் தெரியவில்லை. திரும்பி வந்து, "சாயங்காலம் உங்க கடைக்குச் சாப்பிட வர்றேன்" என்றார்.

சொன்னபடியே ஆறு மணிக்கு வந்துவிட்டார். அடுப்புக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார். கடையில் நல்ல கூட்டம். முதலாளி கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார்.

"மாஸ்டர், நாலுல இலை காயுது!"

மாஸ்டர் தலையைத் தூக்காமலே எண்ணெயிலிருந்து இரண்டு பரோட்டாவை எடுத்து நாலாம் நம்பர் மேசைக்கு அனுப்பினார்.

டீச்சர் எட்டி நாலாம் நம்பர் மேசையைப் பார்த்தார். "எங்க மாஸ்டர் காயுது? இலையில தண்ணி நிக்குதே."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சருக்கே பாடம் எடுக்க ஒரு வாய்ப்பு. "அது ஒரு பேச்சு டீச்சர். இலை போட்டாச்சு, ஆளு பசியோட உக்காந்திருக்காருன்னு அர்த்தம்."

"சஷ்டிகா இதச் சொல்வாளா?"

"தினம் சொல்வா."

"எப்ப?"

"எப்பன்னா, மத்தியானம் ஒரு பன்னெண்டரைக்கு. அப்புறம் பொழுது சாய..."

மாஸ்டரின் கையில் இருந்த மாவு உருண்டை அப்படியே நின்றது.

"நீங்க என்ன செய்வீங்க?"

"உஷ்னு சொல்வேன்" என்றார் மாஸ்டர்.

எண்ணெயில் கிடந்த பரோட்டா கருகியது. இருபது வருடத்தில் அவர் கையில் கருகிய பரோட்டாக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, என்னவோ விஷயம் என்று நினைத்துச் சும்மா இருந்தார்.

டீச்சர் நிதானமாகச் சாப்பிட்டார். சால்னா நன்றாக இருக்கிறது என்றார். போகும்போது பொட்டலம் கட்டுகிற தாளில் ஒரு கற்றையை எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார்.

"அவ என்ன சொன்னாலும் இதுல எழுதுங்க. அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, பின்னாடி என்ன நடந்துச்சு. அவ்வளவுதான். ஒரு வாரம். செவ்வாய் வகுப்பு வேண்டாம், வெள்ளிக்கிழமை இதோட வாங்க. உஷ் கிடையாது."

"நிலம்?"

"அட்வான்ஸை ஒரு வாரம் தள்ளி வைங்க."

மறுநாள் பன்னிரண்டரைக்கு மாடியில் சஷ்டிகா சொன்னாள், "இலை காயுது." மாஸ்டர் உஷ் சொல்லவில்லை. தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தார். அவள் உட்கார்ந்து தின்றாள். வழக்கமாக அந்த நேரத்தில் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு ஒரு பாடு அழுதுவிட்டுத்தான் சாப்பிடுவாள். அன்றைக்கு அழுகையே இல்லை. மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. தாளில் எழுதுவதா, கீழே போய் முதலாளியிடம் சொல்வதா என்று மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு வீட்டில் வேறு வேலையே ஓடவில்லை. அப்பாவும் அம்மாவும் தாளும் பேனாவுமாக மகளின் பின்னாலேயே திரிந்தார்கள். சட்டையில் தண்ணீர் கொட்டியதும், "டேபிள் துடை" என்றாள். முத்துமாரி சட்டையை மாற்றினாள், பிள்ளை சிரித்தது. கோயிலில் தீர்த்தம் சட்டையில் சிந்தியிருக்கும் என்று அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியபோது காதைப் பொத்திக்கொண்டு, "கடை மூடியாச்சு" என்றாள். மாஸ்டர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். "மூடியாச்சு" என்று அவளே இன்னொரு தடவை சொன்னாள். அதைச் சொன்ன குரலில் ஒரு திருப்தி இருந்தது. புதன்கிழமைக்குள் தாள் தீர்ந்து மாஸ்டர் இன்னொரு கற்றை எடுத்துவந்தார்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. "ரெண்டு ஆம்லெட்டுல ஒண்ணு கேன்சல்" என்று சில நேரம் சொல்லுவாள். முன்னாலும் ஒன்றும் நடந்திருக்காது, பின்னாலும் ஒன்றும் நடக்காது.

வியாழக்கிழமை மத்தியானம் முத்துமாரி பிள்ளையை ஆதார் பதியக் கூட்டிப்போனாள். நல்ல கூட்டம். விரலைப் பிடித்து மிஷினில் அழுத்தினார்கள். "பார்சல், பார்சல்" என்று பிள்ளை கத்தினாள். எப்படியோ தூக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டே அதையும் முத்துமாரி எழுதினாள்.

மாஸ்டர் மாவு பிசைந்துகொண்டிருந்த இடத்துக்கே அவள் எல்லாத் தாள்களையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, பார்சல் எத்தனை இடத்துல இருக்குன்னு பாருங்க."

மூன்று இடத்தில் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை, சித்தி வீட்டு விசேஷத்தில் ஒரு தடவை, இன்றைக்கு ஒரு தடவை. முன்னால் நடந்தது மூன்றிலும் வேறு வேறு. பின்னால் நடந்தது மூன்றிலும் ஒன்றேதான். முத்துமாரியின் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"பார்சல்னா என்னங்க?" என்றாள் முத்துமாரி. அவளுக்கு விடை தெரிந்திருந்தது.

"வீட்டுக்குக் கொண்டு போறது" என்றார் மாஸ்டர்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சென்னையில் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேரம் தங்கள் பிள்ளை என்ன கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. மாஸ்டர் மாவுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். முத்துமாரியும் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். ஏங்க, அவ கேட்டிருக்கா, அவ அன்னிக்கே நம்மகிட்ட கேட்டிருக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாஸ்டர் கையைக் கழுவவில்லை. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார், தாள்களை இடுப்பில் செருகினார், முதலாளியிடம் அரை மணி நேரம் என்று கையைக் காட்டினார், ஓடினார். பின்னால் முத்துமாரி ஓடினாள். வியாழக்கிழமை வகுப்பு கிடையாது என்பது டீச்சர் வீட்டு வாசலில் நின்றபிறகுதான் ஞாபகம் வந்தது.

டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரத்துணியோடு வந்து கதவைத் திறந்தார். முகத்தில் மாவும் கண்ணீரும் அப்பிய ஆளைப் பார்த்துப் பயந்துபோனார்.

மாஸ்டர் மூச்சு விடாமல் சொன்னார். இலை காய்ந்ததைச் சொன்னார், கடை மூடியதைச் சொன்னார், பார்சலைச் சொல்லும்போது குரல் உடைந்தது, மீதியை முத்துமாரி சொன்னாள். டீச்சர் ஒவ்வொரு தாளாக வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவருக்கும் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. கடைசித் தாளைப் படித்துவிட்டுத் துணி வாளியின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த ஆம்லெட் கேன்சல் என்ன டீச்சர்?"

"எனக்கும் தெரியல. அவளுக்குத் தெரியும்."

நிலம் வாங்க வந்தவரிடம் இல்லையென்று சொல்லிவிடப் போவதாக மாஸ்டர் சொன்னார். சொன்ன வேகத்தில், இனிமேல் வகுப்பும் வேண்டியதில்லையோ என்று ஒரு வார்த்தை விட்டார். டீச்சர் அதை விடவில்லை. இனிமேல்தான் வேலையே இருக்கிறது என்றார். இலை காயுது என்று அவள் சொன்னால், ஆமா, சஷ்டிகாவுக்குப் பசிக்குது என்று சொல்லிக்கொண்டே சோறு போட வேண்டும். தினமும், அலுக்காமல். கடைக்கு வெளியே இருக்கிற ஆட்களுக்கும் அவள் பேச்சு புரிய வேண்டும் அல்லவா.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல வாங்க. ஃபீஸும் வழக்கம்போல."

"தர்றேன் டீச்சர். இன்னொரு கடையிலகூடப் பூரி போடுவேன்" என்றார் மாஸ்டர். அப்படி ஒரு உற்சாகத்தில் அவர் ஐநூறு ரூபாயைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். மாஸ்டர் மகளை இறக்கிவிட்டுக் குனிந்து செருப்பு மாட்டினார். செருப்பு மாட்டினால் அவருக்குக் கேள்வி வந்துவிடும். நாலு மாதப் பழக்கம், எங்கே போகும்.

"எல்லாம் சரி டீச்சர். ஆனா இவ எப்ப..."

சஷ்டிகா அவருடைய லுங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"பார்சல்" என்றாள்.

"இரும்மா. டீச்சர்ட்ட ஒண்ணு கேட்டுக்கிடுறேன். இவ எப்ப டீச்சர்..."

"மாஸ்டர்" என்றார் டீச்சர். "அவ பேசிக்கிட்டிருக்கா. குறுக்க பேசாதீங்க."