மேப்பிளின் முகம்

“பின்னாடி வந்து பாருடி. இந்த மரத்தை யாரோ கழுத்தோட வெட்டியிருக்காங்க.”

கொடைக்கானல் மலர்க் கண்காட்சியில், நடு மேசைக்குப் பின்னால் நின்று ஒரு பெண் தன் தோழியிடம் மெதுவாகச் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற மாசிலாமணியின் காதில் அது விழுந்தது.

நடு மேசையில் இருந்தது ஆக்னஸின் மேப்பிள். ஒன்றரை அடி உயரம். தட்டையான தொட்டியில் நூறு வயது மரம்போல் நின்றது. முதல் பரிசு வாங்கிய மரம் மட்டும்தான் அந்த மேசையில் உட்காரும். ஆறு வருடமாக அது அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

மாசிலாமணி ஆக்னஸின் மாணவர். அதற்கு முன்னால், ஏழாம் வகுப்பில், ஆக்னஸ் அவருடைய மாணவி. தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற மறுவாரம் அவர் ஆக்னஸின் நாற்றுப் பண்ணைக்குப் போய், “எனக்குப் போன்சாய் கத்துக்குடும்மா” என்றார். அடுத்த நாளிலிருந்து ‘நீங்க’ என்று மாற்றிக்கொண்டார்.

ஆக்னஸ் மட்டும் மாறவில்லை. மாசிலாமணி உள்ளே வந்தால் இன்னும் நாற்காலியைவிட்டு எழுந்துவிடுவார்.

கண்காட்சி முடிந்து அவர் பண்ணைக்குப் போன அன்றும் எழுந்தார்.

“உட்காருங்கம்மா. உங்க மரத்துல வெட்டுக் காயம் இருக்காமே?”

“ஆமா சார்.”

“இத்தனை வருஷமா எனக்குத் தெரியாதே.”

“நீங்க முன்னாடி நின்னுதானே பார்ப்பீங்க. மரத்துக்கு முகம்னு ஒண்ணு உண்டு. காயம் முதுகுப் பக்கம் போயிடணும். அதுதான் முறை.”

மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“என் மரத்துக்கு முதுகே கிடையாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் முகம்தான்.”

அவர் சொன்னது பொய்யில்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஆக்னஸ் அவரை ஏரிக்கு மேலே ஒரு பழைய பங்களாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு பெரிய மேப்பிள். அதன் அடியில், இறக்கை வைத்த விதைகள் சுழன்று சுழன்று விழுந்து, நூறு கன்றுகள் முளைத்திருந்தன.

“ஒண்ணு எடுங்க சார்.”

அவர் இருப்பதிலேயே நேரானதை எடுத்தார். ஆக்னஸ் அதன் தண்டைப் பார்க்கவில்லை. தலைகீழாகப் பிடித்து வேரைப் பார்த்தார். “பரவாயில்ல” என்றார். மாசிலாமணியின் வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டி, அடியில் ஒரு சீமைக் கூரை ஓட்டைப் போட்டு, அதன்மேல் கன்றை நட்டார். வேர் கீழே இறங்காமல் நாலாபக்கமும் படரத்தான் அந்த ஓடு.

கன்று மரமாயிற்று. அடிமரம் மணிக்கட்டுப் பருமன். உயரம் ஒன்பது அடி. காட்டெருமை இரண்டு முறை வேலியை முட்டியும் ஒரு கீறல் விழவில்லை. மாசிலாமணி தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

“என் ஆசை ஒண்ணுதாம்மா” என்றார் இப்போது. “ஒரு தடவையாவது அது அந்த நடு மேசையில உட்காரணும். எப்போ தொட்டிக்கு மாத்தலாம்?”

“ஒன்பது அடியையா?”

“கிளையைக் கிள்ளிக் கிள்ளிக் குறைச்சிரலாமே.”

“கிளைதான் குறையும், அடிமரம் அப்படியே நிக்கும். அப்போ அது கொடிக்கம்பம் சார். பள்ளிக்கூட வாசல்ல நடலாம்.”

மாசிலாமணி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

தை மாதம் இலையெல்லாம் உதிர்ந்தது. மொட்டு வீங்கும் முன் ஒரு காலையில் ஆக்னஸ் அவர் தோட்டத்துக்கு வந்தார். மாசிலாமணியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். நாற்பது வருடப் பழக்கம். ஆக்னஸ் கையை நீட்டினார். கொடுத்தார்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு கணுவுக்கு மேலே, அடிமரத்தில் ஆக்னஸ் சாய்வாக ஒரு கோடு போட்டார். சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்தார். பண்ணைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் மழை பெய்தது. கோடு அழிந்தது. மாசிலாமணிக்கு நிம்மதியாக இருந்தது.

காலையில் ஆக்னஸ் வந்து மறுபடி கோடு போட்டார்.

மறுபடி மழை. மறுபடி கோடு.

நாலாம் நாளும் கோடு அழிந்திருந்தது. சாக்பீஸை வாங்க ஆக்னஸ் கையை நீட்டவில்லை.

“வேற வழியே இல்லையாம்மா?”

“உங்களுக்கு மேசை வேணுமா, கம்பம் வேணுமா சார்?”

மாசிலாமணி மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து, தானே கோடு போட்டார். ஆக்னஸ் போட்ட இடத்துக்கு நாலு விரல் மேலே போட்டார்.

“அங்க கணு இல்ல சார். துளிர்க்காது.”

அதை உள்ளங்கையால் அழித்துவிட்டு, ஆக்னஸ் காட்டிய கணுவுக்கு மேலேயே கோட்டைப் போட்டார்.

ரம்பத்தை ஆக்னஸ் பிடிக்கப் போனார். மாசிலாமணி கொடுக்கவில்லை. ஒன்பது அடி மரத்தைத் தன் கையாலேயே அறுத்தார். மரம் சாய்ந்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வெட்டு வாயில் பசை பூசியதும் அவர்தான்.

ஐந்து வாரம் கழித்துக் கணுவில் ஒரு சிவப்புத் துளிர் வந்தது. அன்று தெருவில் போன பால்காரரைக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

அந்தத் துளிரை மேலே ஏற்றினார்கள். அதுவே மரத்துக்குப் புது உச்சி ஆனது. மூன்றாம் வருடம் தொட்டிக்கு மாற்றினார்கள். வேர் ஓட்டின்மேல் பரவிய வாக்கில் வட்டமாக, அழகாக வந்தது. வெட்டு வாயைச் சுற்றிப் பட்டை மெல்ல உருண்டு மேலேறியது. முதல் வருடம் நெல் பருமன். அடுத்த வருடம் சுண்டுவிரல். தினமும் காலையில் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்ப்பார். ஐந்தாம் வருடம் நடுவில் ஒரு பொத்தான் அளவுக்கே வெள்ளை மிச்சம் இருந்தது.

“இந்த வருஷம் கொண்டு போகலாம் சார்” என்றார் ஆக்னஸ்.

கண்காட்சிக்கு மாசிலாமணி வேட்டியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு போனார். மரத்தைத் தானே மேசையில் வைத்தார். ஆக்னஸின் மரத்துக்கு எதிர் மேசை.

பெங்களூரிலிருந்து வந்திருந்த நடுவர் குனிந்து பார்த்தார். மறுபடி பார்த்தார்.

“சார், மரம் திரும்பியிருக்கு. காயம் முன்னாடி தெரியுது.”

“தெரியட்டும்.”

“உங்க மரம் ரொம்ப நல்லா இருக்கு. அந்தப் பக்கம் திருப்பி வெச்சா நடு மேசைக்கே போகலாம். இப்படியே இருந்தா மார்க் குறையும்.”

“நாப்பது வருஷம் நான் மார்க் போட்டாச்சு. இப்போ நீங்க போடுங்க.”

“இல்ல சார், மரத்தோட முகம்…”

“இந்தப் பக்கம்தான் நான் வேலை செஞ்சது” என்றார் மாசிலாமணி.

நடுவர் தாளில் எதையோ எழுதிக்கொண்டு, எதிர் மேசைப் பக்கம் திரும்பினார்.

ஆக்னஸ் அங்கே நின்றிருந்தார். மாசிலாமணியின் மரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு தன் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்து, அரைவட்டம் திருப்பி வைத்தார்.